ஸ்பிட்ஃபயருக்கு ஜிடி6 பிரேக்: வில்சன் கார்டன் ஷெட்டில் செய்த வேலை எப்படி?

திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவு. அத்தனையும் இறங்கிப் பண்ணாரியில் வண்டியை நிறுத்திவிட்டு இன்னொரு தரம் மிதித்துப் பார்த்தேன். சாம்ராஜ்நகரில் கிளம்பும்போது பெடல் எந்த உயரத்தில் பிடித்ததோ அதே உயரத்தில்தான் பிடித்தது. பழைய ஸ்பிட்ஃபயர் காரில் டிரையம்ப் ஜிடி6-ன் பெரிய பிரேக்கை மாட்டும் இந்த வேலைக்குக் காசு போடலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அதுதான், போடலாம். ஆனால் எந்தக் காரின் சாமானைப் போடுகிறோம், யார் கையால் போடுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வண்டி 1968-ஆம் வருட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. குன்னூரில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்காரரிடம் இருந்து கைமாறிக் கைமாறி பெங்களூருக்கு வந்தது. 1296 சிசி, 75 குதிரைத்திறன், எடை ஏழுநூறு கிலோ சொச்சம். இன்றைய கணக்கில் இது ஒன்றும் வேகமான வண்டி கிடையாது, ஆனால் தரையை ஒட்டி உட்கார்ந்து கூரை இல்லாமல் ஓட்டும்போது 60 கிலோமீட்டரே 90 போலத் தெரியும். முன்னால் கிர்லிங் கம்பெனியின் 9 அங்குல டிஸ்க், பின்னால் 7 அங்குல டிரம், கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் எதுவும் கிடையாது. 1962-ல் ஸ்பிட்ஃபயர் வந்தபோதே முன்பக்கம் டிஸ்க் பிரேக்கோடுதான் வந்தது, அந்தக் காலத்துச் சின்னக் காருக்கு அது பெரிய விஷயம். ஊருக்குள் ஓட்ட அது இன்றைக்கும் போதும். மலை இறக்கத்தில்தான் பற்றாது.

ஏன் பற்றாது என்பதைப் புரிந்துகொள்ளாமல் பிரேக் மாற்றக் கிளம்புகிறவர்கள்தான் அதிகம். பிரேக் செய்கிற வேலை ஓடுகிற வண்டியின் சக்தியைச் சூடாக மாற்றுவது. ஆளோடும் பையோடும் 900 கிலோ வருகிற வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்தில் இருந்து நிறுத்தினால் 125 கிலோஜூல் சூடு உண்டாகிறது, 100-ல் இருந்து நிறுத்தினால் கிட்டத்தட்ட 347. வேகம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. சமவெளியில் ஒரு தடவை மிதித்தால் அடுத்த தடவை மிதிப்பதற்குள் டிஸ்க் ஆறிவிடும். மலையில் ஆற நேரமே கிடைக்காது, வளைவுக்கு வளைவு சூடு மேலே மேலே ஏறிக்கொண்டே போகும், சின்ன டிஸ்க்கில் அதைத் தாங்கும் இரும்பு குறைவு. முதலில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பேட் வழுக்க ஆரம்பிக்கும், பெடல் கல்லாக இருக்கும் ஆனால் வண்டி நிற்காது. அதற்கு மேலும் சூடேறினால், பேட்டைத் தள்ளும் காலிப்பருக்குள் இருக்கும் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும், அப்போது பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். இரண்டாவதுதான் ஆளைக் கொல்வது.

அதனால் பெரிய பிரேக் போட்டால் வண்டி குறைந்த தூரத்தில் நின்றுவிடும் என்று நினைத்தால் அது தவறான கணக்கு. இந்த வேலையைச் செய்த வில்சன் கார்டன் ஷெட்டுக்கார அண்ணா முதல் நாளே இதைச் சொல்லிவிட்டார்: "சார், பிரேக்கு சக்கரத்தத்தான் நிறுத்தும். வண்டிய நிறுத்துறது டயரு." ஏற்கெனவே நான்கு சக்கரத்தையும் சுற்றாமல் பூட்ட முடிகிற பிரேக் இருந்தால், எவ்வளவு பெரிய காலிப்பர் போட்டாலும் முதல் தடவை நிற்கும் தூரம் அப்படியேதான் இருக்கும். பத்தாவது தடவையும் அதே தூரத்தில் நிற்குமா என்பதற்குத்தான் பெரிய டிஸ்க். அவர் முதலில் பார்க்கச் சொன்னதும் டயரைத்தான். பழைய 145 ரேடியல் அளவுக்கு இன்றைக்குச் சுலபமாகக் கிடைப்பது 145/80 ஆர்13, ஆல்டோ கே10-க்குப் போடுவது. விலை குறைவு, எந்தக் கடையிலும் இருக்கும். பத்து வருடப் பழைய டயரை வைத்துக்கொண்டு பிரேக்குக்குச் செலவு செய்யாதீர்கள்.

அடுத்த கேள்வி, எந்தக் காரின் பிரேக்? இதில் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மாருதி 800 டிஸ்க்கைப் போட்டுவிடு, ஜேசி ரோட்டில் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது நான் அதிகம் கேட்டது. கேட்க நன்றாக இருக்கும். மாருதி 800-ல் வீல் போல்ட் நான்கும் 114.3 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கின்றன, ஸ்பிட்ஃபயரில் 95.25. அதைக்கூட லேத்தில் புதிதாகத் துளை போட்டுச் சரிக்கட்டலாம் என்பார்கள். ஆனால் மாருதியில் முன் சக்கரம்தான் வண்டியை இழுக்கிறது, சக்கரம் மாட்டும் அதன் ஹப், டிரைவ் ஷாஃப்ட்டின் பல்லில் உட்காருவது. ஸ்பிட்ஃபயரில் முன் சக்கரம் ஸ்டப் ஆக்சில் என்ற ஒரு குட்டைத் தண்டில் டேப்பர் பேரிங் மேல் சும்மா சுற்றுவது. இரண்டும் வேறு வேறு ஜாதி. டிஸ்க்கையும் காலிப்பரையும் மட்டும் எடுத்து, நடுவில் ஒரு அடாப்டரும் இரும்புத் தகட்டில் வெட்டிய பிராக்கெட்டும் போட்டுப் பொருத்தலாம்தான். ஆனால் அந்தப் பிராக்கெட்டின் கனம், வெல்டிங், போல்ட்டின் தரம் எல்லாவற்றுக்கும் யார் பொறுப்பு? பிரேக் போடும்போது முன் சக்கரத்தின் முழு இழுவையும் அந்தத் தகட்டின் மேல்தான் வரும்.

வேறு காரின் சாமானைப் போடுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. உலகம் முழுக்கப் பழைய கார்க்காரர்கள் செய்வதுதான். இங்கிலாந்தில் மினி வைத்திருப்பவர்கள் ஆஸ்டின் மெட்ரோவின் நாலு பிஸ்டன் காலிப்பரைப் போடுவார்கள், அமெரிக்காவில் டாட்சன் 240இசட் வைத்திருப்பவர்கள் டொயோட்டா பிக்கப் லாரியின் காலிப்பரைப் போடுவார்கள். எம்ஜிபி-க்கு எம்ஜிபி ஜிடி வி8-ன் கனமான டிஸ்க். இவை நிலைத்திருப்பதற்குக் காரணம் போல்ட் துளையில் இருந்து பிஸ்டன் அளவு வரை பல பேர் பல வருடம் ஓட்டிப் பார்த்துத் தெளிந்துகொண்ட பொருத்தங்கள் என்பதுதான். நம் ஊரில் ஒரே ஒரு வண்டிக்கு ஒரே ஒரு தடவை செய்து பார்க்கும் பொருத்தத்தை அதோடு சேர்க்க முடியாது.

ஸ்பிட்ஃபயருக்கு அப்படித் தெளிந்த பொருத்தம் அதன் சொந்த அண்ணன் வீட்டிலேயே இருக்கிறது. டிரையம்ப் ஜிடி6. 1966-ல் வந்தது, 1973 வரை செய்தார்கள். ஸ்பிட்ஃபயரின் அதே அடித்தளத்தில் ஆறு சிலிண்டர், 1998 சிசி என்ஜினை வைத்து மேலே கூரை போட்ட வண்டி. எடையும் வேகமும் கூடியதால் டிரையம்ப்காரர்களே முன் டிஸ்க்கை 9.7 அங்குலமாக்கி, கிர்லிங் 16 வகைக் காலிப்பரைப் போட்டார்கள். டிரையம்பின் இன்னொரு காரான வைட்டஸ் 2 லிட்டரிலும் அதேதான். என் மார்க் 3-ல் இருந்தது 14 வகை. பிஸ்டன் பெரிது, பேட் பெரிது, டிஸ்க் விட்டம் ஏறத்தாழ எட்டு சதவீதம் கூடுதல். முன் சக்கரத்தைத் தாங்கிச் செங்குத்தாக நிற்கும் வெர்ட்டிகல் லிங்க்கில் இருந்து ஹப், டிஸ்க், காலிப்பர் வரை ஒரு முழு செட்டாகக் கழற்றி ஸ்பிட்ஃபயரின் சஸ்பென்ஷன் கையான விஷ்போனில் மாட்டிவிடலாம். தகடு வெட்டுவது, வெல்டிங், அடாப்டர் எதுவும் தேவையில்லை. தொழிற்சாலையில் கணக்குப் போட்டுச் செய்த சாமான் தொழிற்சாலை வைத்த இடத்திலேயே உட்காருகிறது. வேறு காரின் பிரேக் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் குடும்பம் நமக்கும் புதிதல்ல. மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் செய்த டிரையம்ப் ஹெரால்டின் சேசிஸில் இருந்து பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர், இரண்டையும் வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. அதனால்தான் பெங்களூரில் ஹெரால்டு பார்த்துப் பழகிய பழைய கைகளுக்கு இந்த வண்டியின் முன்பக்கம் தெரிந்த முகமாக இருக்கிறது. நம்ம ஷெட்டுக்கார அண்ணாவும் அப்படித்தான். ஆம்பூர் பக்கத்துக்காரர், சின்ன வயதில் மெட்ராஸில் ஹெரால்டு, கெசல் கார்களில் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். விளம்பரம் வேண்டாம், இருக்கிற வேலையே முடியவில்லை என்று சொன்னதால் பெயர் போடவில்லை. வில்சன் கார்டனில் பழைய கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் கை காட்டுவார்கள்.

சாமான் இங்கிலாந்தில் இருந்து வந்தது. டிஸ்க், பேரிங், பேட், ஹோஸ் எல்லாம் புதிது. காலிப்பர் ரீகண்டிஷன் செய்தது. வெர்ட்டிகல் லிங்க்கும் ஹப்பும் மட்டும் ஒரு ஜிடி6-ல் இருந்து கழற்றிய பழைய சாமான். இந்தப் பழைய சாமானில்தான் அண்ணாவின் அருமை தெரிந்தது. ஸ்பிட்ஃபயரின் வெர்ட்டிகல் லிங்க் கீழே மரை போட்டு டிரனியன் என்ற ஒரு வெண்கலக் கூட்டுக்குள் திருகி நிற்கும், ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் சக்கரமே திரும்புகிறது. அதற்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே நின்றுவிடும், உள்ளே தண்ணீர் புகுந்து துருப்பிடிக்கும், துருப்பிடித்த இடத்தில் லிங்க் ஒருநாள் ஒடியும். ஒடிந்தால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கிவிடும். அண்ணா இரண்டு லிங்க்கையும் மண்ணெண்ணெயில் கழுவி, மரையின் அடிப்பள்ளத்தில் நகத்தை வைத்து ஒவ்வொரு சுற்றாகத் தடவிப் பார்த்தார். பிறகும் திருப்தி இல்லாமல் பீன்யாவில் விரிசல் பார்க்கும் இடத்துக்கு அனுப்பினார். சிவப்புச் சாயம் தெளித்துத் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தால், விரிசல் இருக்கும் இடத்தில் சாயம் கோடாகக் கசிந்து வெளியே தெரியும். இரண்டிலும் கோடு எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் வண்டியைத் தூக்கினார்.

ஸ்பிட்ஃபயரில் வேலை பார்க்க ஒரு வசதி உண்டு. பானட் என்று தனியாகக் கிடையாது, விண்ட்ஷீல்டுக்கு முன்னால் இருக்கும் முழு மூஞ்சியும் மட்கார்டோடு சேர்ந்து முன்னால் மடங்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே என்ஜின் வேலை பார்க்கலாம், சஸ்பென்ஷன் முழுக்கக் கண் முன்னால் திறந்து கிடக்கும். பழைய செட்டைக் கழற்றிப் புதிய செட்டை மாட்டுவது அதிக நேரம் பிடிக்கவில்லை. அளப்பதற்குத்தான் நேரம் பிடித்தது, அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. டயல் கேஜை டிஸ்க் ஓரத்தில் வைத்துக் கையால் சுற்றி, முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் டிஸ்க்கைக் கழற்றி ஒரு போல்ட் தள்ளி மாட்டினார். வலது பக்கம் அப்படித்தான் சரியாயிற்று. வீலுக்குள் காலிப்பர் இடிக்கிறதா என்று பார்க்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணைக் காலிப்பர் மேல் அப்பி, வீலை மாட்டிச் சுற்றிவிட்டுக் கழற்றினார். நசுங்கிய களிமண்ணின் கனம்தான் இடைவெளி. என் வண்டியில் முன்பே யாரோ 4.5 அங்குல அகல வீல் மாற்றியிருந்ததால் தாராளமாகவே இருந்தது. பழைய ஒல்லி 3.5 அங்குல வீல் வைத்திருப்பவர்கள் சாமான் வாங்கும் முன் இதை அளந்துவிடுங்கள்.

இப்போது ஒரு எச்சரிக்கை, தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். கிர்லிங் 16 காலிப்பரில் இரண்டு விதம் இருக்கிறது. பழையதில் பிரேக் பைப் நட்டுக்கு யூஎன்எஃப் என்ற அங்குலக் கணக்கு வகையில் 3/8 அங்குல மரை, பிந்தையதில் 10 மில்லிமீட்டர் மெட்ரிக் மரை. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி. 3/8 அங்குலம் என்பது 9.525 மில்லிமீட்டர், வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. மெட்ரிக் நட்டு யூஎன்எஃப் துளையில் ஏறாது, அதனால் அது ஆபத்தில்லை. ஆனால் யூஎன்எஃப் நட்டு மெட்ரிக் துளையில் லொடலொடவென்று ஏறிவிடும், முறுக்கினால் இறுகியது போலவும் இருக்கும், மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். அவசரமாக ஒரு மிதி மிதித்தால் பிடுங்கிக்கொண்டு வரும். நகரத்துக்குள் ஒரு கடையில் பைப் அடித்து வாங்கியிருந்தேன், நான்கு நட்டும் ஒரே மாதிரி என்று சத்தியம் செய்து கொடுத்தார்கள். அண்ணா பிட்ச் கேஜை வைத்துப் பார்த்தார், இரண்டு ஒரு விதம், இரண்டு இன்னொரு விதம். கலந்து கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். பிரேக் சாமான் விற்கும் கடையில் மரை பார்க்கும் கேஜ்கூட இல்லாமல் வியாபாரம் நடக்கிறது என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம். மொத்த பைப்பையும் தூக்கி எறிந்துவிட்டு, தாமிர நிக்கல் பைப்பில் 3/16 அங்குலத்தில் அண்ணாவே புதிதாக அடித்தார். பைப் நுனியை விரித்துச் செய்யும் ஃப்ளேர் ஒவ்வொன்றையும் லென்ஸ் வைத்துப் பார்த்து, வாயில் கீறல் இருந்த ஒன்றை வெட்டி மறுபடி அடித்தார்.

அடுத்தது, பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர். பலரும் இதை விட்டுவிடுவார்கள். என் வண்டியில் இருந்ததன் போர், அதாவது உள்விட்டம், 5/8 அங்குலம். காலிப்பர் பிஸ்டன் பெரிதாகிவிட்டதால் அதைத் தள்ள அதிக ஆயில் வேண்டும், சின்ன சிலிண்டரால் அதைத் தர பெடல் அதிக தூரம் போக வேண்டும். முதலில் அதையே வைத்து ஓட்டிப் பார்த்தோம். பிடித்தது, நன்றாகவே பிடித்தது, ஆனால் பெடல் ஆக்சிலரேட்டருக்கும் கீழே இறங்கிப் போனது, ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்கும் ஹீல் அண்ட் டோ செய்ய முடியவில்லை, இறக்கத்தில் சூடேறினால் மிச்சம் எதுவும் இருக்காது என்ற பயமும் வந்தது. 0.70 அங்குல சிலிண்டர் மாற்றினோம். பரப்பளவில் 25 சதவீதம் கூடுதல், அதாவது ஒரே மிதிக்கு 25 சதவீதம் அதிக ஆயில், அதே அளவு கால் அழுத்தத்துக்கு 20 சதவீதம் குறைந்த பிரஷர். பிஸ்டனும் டிஸ்க்கும் பெரிதாக இருப்பதால் அந்த இழப்பு ஈடாகிவிடுகிறது. இப்போது பெடல் மேலேயே பிடிக்கிறது, மிதிக்கிற அளவுக்குப் பிடிக்கிறது. பூஸ்டர் வைக்கலாமா என்று கேட்டேன், இவ்வளவு லேசான வண்டிக்கு எதற்கு என்றார். ஓட்டிய பிறகு அவர் சொன்னது சரி என்றுதான் எனக்கும் படுகிறது, பூஸ்டர் இல்லாத பெடலில் டயர் வழுக்கத் தொடங்கும் அந்த நொடி காலுக்குத் தெரிகிறது.

பின்பக்கத்தை வேண்டுமென்றே பெரிதாக்கவில்லை. ஜிடி6-ல் 8 அங்குல டிரம் உண்டு, அதையும் வாங்கிப் போட்டுவிடலாம் என்று எனக்கு ஆசை இருந்தது. ஆனால் மார்க் 3-ன் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், சக்கரம் தன் தண்டோடு சேர்ந்து ஊஞ்சல் போல ஏறி இறங்கும் வகை. பிரேக் போட்டால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் தூக்கும், தூக்கும்போது பின் சக்கரங்கள் இரண்டும் அடிப்பக்கம் உள்ளே மடங்கிக் குதிகாலில் நிற்கும். அந்த நேரத்தில், அதுவும் வளைவில், பின் பிரேக் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். 1970-ல் வந்த மார்க் 4-ல் டிரையம்ப் பின் ஸ்பிரிங்கை மாற்றியதே இந்தக் குணத்தை அடக்கத்தான். முன் சக்கரம் முதலில் பூட்ட வேண்டும், பின் சக்கரம் எப்போதும் பின்தங்கியே இருக்க வேண்டும். அதனால் 7 அங்குல டிரம்மையே வைத்து, கலாசிப்பாளையத்தில் ரானே லைனிங் போட்டு, புது வீல் சிலிண்டர் மாற்றியதோடு சரி. மழையில் காலியாகக் கிடந்த ஒரு லேஅவுட் சாலையில் மெதுவாகச் சோதித்துப் பார்த்தோம், முன்தான் முதலில் வழுக்கியது.

பேட் மின்டெக்ஸ் 1144. பிரேக் ஆயில் டாட் 4 தரம். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரியில் கொதிக்கும், டாட் 4-க்குக் குறைந்தது 230. ஆனால் இந்த ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடிக்கும், ஈரம் குடித்த டாட் 4-ன் எல்லை 155 டிகிரிதான். மலை இறங்கும் வண்டிக்கு ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுவது காலிப்பர் மாற்றுவதைவிட முக்கியம், செலவும் சில நூறு ரூபாய்தான். புதுப் பேட்டை அப்படியே ஓட்டக் கூடாது, ஹெசரகட்டா பக்கம் விடியற்காலையில் 60-ல் இருந்து 20 வரை வேகத்தைக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி ஏற்றி, திரும்பத் திரும்ப, பேட் டிஸ்க்கில் ஒரே சீராகப் பதியும் வரை ஓட்டினோம். சூடான டிஸ்க்கோடு முழுக்க நிறுத்தி மிதித்துக்கொண்டே நின்றால் பேட் இருக்கும் இடத்தில் மட்டும் படிவு ஒட்டிக்கொள்ளும், பிறகு பெடல் எப்போதும் உதறும்.

ஊருக்குள் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சில்க் போர்டு நெரிசலில் பழைய பிரேக்கும் இதுவும் ஒன்றுதான், காலையில் முதல் இரண்டு மிதிக்குக் கொஞ்சம் கிரீச்சும் உண்டு. ஓசூர் ரோட்டில் 80, 90-ல் போகும்போது முன்னால் லாரி திடீரென்று தடம் மாறினால் தெரியும். நேராக நிற்கிறது, பக்கத்துக்கு இழுப்பதில்லை. திம்பத்தில் தெரிவதுதான் உண்மையான வித்தியாசம். முன்பு பாதி மலையில் நிறுத்தி டிஸ்க்கை ஆறவிட வேண்டியிருந்த அதே இறக்கத்தில், இரண்டாவது கியரில் இறங்கி, வளைவுக்கு முன்னால் அழுத்தமாக ஒரு மிதி, விட்டுவிடுவது, மறுபடி அடுத்த வளைவில் மிதி என்று கடைசி வரை போக முடிந்தது. பின்னால் வந்த அரசுப் பேருந்துக்காகப் பயந்து ஒதுங்க வேண்டிய தேவையே வரவில்லை. என்ஜின் பிரேக்கை விட்டுவிடாதீர்கள், எந்த டிஸ்க் போட்டாலும் மலையில் கியர்தான் முதல் பிரேக்.

குறைகளும் உண்டு. ஷெட்டில் காத்திருப்பு நீளம், சொன்ன நாளில் வண்டி கிடைக்கும் என்று திட்டம் போடாதீர்கள். எஸ்டிமேட் ஒரு டைரித் தாளில் பென்சிலால் எழுதியதுதான், பில் வேண்டும் என்றால் முன்பே சொல்ல வேண்டும். புது பைப்பில் ஒரு கிளிப் சரியாகப் பிடிக்காமல் சேசிஸில் தட்டி ஓசை வந்தது, திரும்பப் போய்ச் சரி செய்ய வேண்டியிருந்தது, காசு கேட்கவில்லை. இன்னொன்று, என் வண்டி இன்னும் ஒரே சர்க்யூட். எங்கே ஒரு பைப் ஒடிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும், கையில் மிஞ்சுவது கேபிளில் ஓடும் ஹேண்ட் பிரேக் மட்டும். முன்னுக்குத் தனி, பின்னுக்குத் தனி என்று பிரிக்க இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் புது பைப் வழியும் வேண்டும். அண்ணா இப்போதே செய்துவிடலாம் என்றார், பணம் கையைக் கடித்ததால் அடுத்த சுற்றுக்குத் தள்ளியிருக்கிறேன். உங்களுக்கு முடிந்தால் ஒரே தடவையில் செய்துவிடுங்கள்.

செலவு என்று பார்த்தால் கூலி பதினெட்டாயிரம் ரூபாய்க்குப் பக்கம், இவ்வளவு பொறுமையான வேலைக்கு அது குறைவு என்றே சொல்வேன். சாமானும் கூரியரும் கஸ்டம்ஸும் சேர்ந்து எழுபதாயிரத்தைத் தாண்டியது, அதில் வரியும் கூரியரும்தான் வலிக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பெட்டியில் வரவழைத்தால் கூரியராவது மிச்சமாகும்.

ஆர்டிஓ விஷயமும் கேட்கிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2021-ல் வந்த விண்டேஜ் விதி 50 வருடம் தாண்டிய, மூல வடிவத்தில் இருக்கும் வண்டிக்குத் தனி 'விஏ' நம்பர் தருகிறது, சேசிஸ், பாடி, என்ஜினில் மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது, ஆனால் அந்த நம்பர் வாங்கினால் தினசரி ரோட்டில் ஓட்ட முடியாது. சேசிஸில் ஒரு துளைகூடப் போடாமல், அதே குடும்பத்து, அதே காலத்துச் சாமானை அதே போல்ட்டில் மாட்டுவதற்கு நான் அழுத்தம் கொடுக்க இதுவும் ஒரு காரணம். என் பழைய செட்டைப் பத்திரமாகக் கழற்றிய விதத்தில், நாளைக்கே திரும்ப மாட்டலாம்.

அந்தப் பழைய செட்டும் சும்மா கிடக்கப் போவதில்லை. அல்சூரில் ஒருவர் மெட்ராஸ் ஹெரால்டு வைத்திருக்கிறார், நான்கு பக்கமும் டிரம். இங்கிலாந்து ஹெரால்டில் கூடுதல் காசுக்குக் கொடுத்த டிஸ்க் பிரேக் இதே 9 அங்குல வகைதான், அதனால் லிங்க்கோடு சேர்த்து முழு செட்டையும் அவருக்கே கொடுத்துவிட்டேன். அண்ணா காலிப்பரைப் பிரித்துப் பிஸ்டனைப் பார்த்துவிட்டார், ஒன்றில் லேசாகத் துருப்புள்ளி, சீல் நான்கும் மாற்ற வேண்டும். அவருடைய ஹெரால்டு இந்த மாதக் கடைசியில் ஷெட்டுக்குள் போகிறது, அதனால் அதற்குள் வேறு யாராவது ஸ்பிட்ஃபயரோ ஹெரால்டோ கொண்டு போக நினைத்தால் முதலில் நேரில் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல், மதியம் ஒன்றுக்கு முன்னால் போனால்தான் அவர் நின்று பேசுவார்.